விலைபேச இசையாதவர்

1969ஆம் ஆண்டு அக்டோபரில், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பேஸ்பால் அணியின் கர்ட் ஃபிளட், தாம் பிலடெல்பியா அணிக்கு மாற்றப்பட்டுவிட்டதை அறிந்தார். பன்னிரண்டு பருவங்கள் அவ்வணிக்காக ஆடியவர். அவருடைய இசைவை எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அன்றைய விதிகளில் இல்லை.

வெளிக்களத்தின் நடுப்பகுதியைக் காப்பது அவர் பணி. மட்டையில் பட்டு உயர்ந்த பந்து எங்கே இறங்கும் என்பதைக் கணத்தில் கணித்து ஓட வேண்டிய இடம் அது. 1963 முதல் 1969 வரை தொடர்ந்து 7 முறை தங்கக் கையுறை விருது பெற்றார். 1966ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் களத்தில் ஒரு பிழையும் செய்யவில்லை. 1964, 1967 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்ற அணியில் இருந்தார்.

இத்தகைய ஆட்டக்காரரையும் கேளாமலே கைமாற்ற முடிந்ததற்குக் காரணம் ‘ரிசர்வ்’ விதி. ஒப்பந்தம் முடிந்ததும் அதை மேலும் ஓராண்டு நீட்டிக்கும் உரிமை அணிக்கு உண்டு. அந்த நீட்டிப்பை ஆண்டுதோறும் தொடரலாம் என்று உரிமையாளர்கள் பொருள் கொண்டனர். ஆட்டக்காரர் அந்த அணிக்கு ஆடலாம், அல்லது ஆட்டத்தையே விட்டுவிடலாம். ஏகபோகத் தடைச் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று 1922இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்குக் காப்பாக நின்றது.

ஃபிளட்டின் அன்றைய ஆண்டு ஊதியம் 90,000 டாலர். இவ்வளவு பெறுபவருக்கு என்ன குறை என்று பலர் கேட்டனர். தென்மாநிலங்களில் ஆடிய இளமையில், வெள்ளையரான சக ஆட்டக்காரர்களோடு அமர்ந்து உண்ணவும் இயலாதிருந்த கறுப்பினத்தவர் அவர். தாம் வாங்கவும் விற்கவும் ஆன உடைமை அல்லர் என்ற பொருள்பட, அவ்வாண்டு டிசம்பரில் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். கோரிக்கை மறுக்கப்பட, 1970இல் வழக்குத் தொடுத்தார். வெல்லும் வாய்ப்பு மிகக் குறைவு என்று ஆட்டக்காரர் சங்கத்தின் மார்வின் மில்லர் முன்பே எச்சரித்திருந்தார். ஓய்வுபெற்ற ஜாக்கி ராபின்சனும் ஹாங்க் கிரீன்பெர்க்கும் அவருக்காகச் சாட்சி கூறினர். களத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் வரவில்லை.

1970ஆம் ஆண்டுப் பருவத்தை அவர் முற்றிலும் துறந்தார். 1971இல் வாஷிங்டன் அணியில் 13 ஆட்டங்களோடு விலகினார். 1972இல் உச்சநீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பேஸ்பாலுக்கு அளிக்கப்பட்ட விலக்கு முரணானது என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அதைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஒதுங்கிக்கொண்டது.

1975இல் வேறு இரு ஆட்டக்காரர்களின் முறையீட்டில், நடுவர் பீட்டர் சைட்ஸ், நீட்டிப்பு ஓராண்டுக்கு மட்டுமே என்று முடிவு கூறினார். ‘ரிசர்வ்’ விதி அங்கே உடைந்தது. அதற்கு ஃபிளட்டின் வழக்கே நேர்க்காரணம் என்று நாம் சொல்லிவிட முடியாது. வழி வேறு, வாதமும் வேறு. எனினும், அதுவரை ஆட்டத்தின் இயற்கை என்றே பலர் எண்ணியிருந்த ஒன்றை அநீதி என்று ஊரறியச் சொன்னவர் அவர்.

1997 ஜனவரியில், 59ஆம் வயதில், ஃபிளட் மறைந்தார். பெருங்குழு ஆட்டக்காரர்களின் பணி உரிமைகளுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்தின் காப்பு 1998இல்தான் கிடைத்தது. அந்தச் சட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.