உருமாறும் நீர்வாழ் உயிரிகள் (டிலிங்கிட், கெல்ட்டிய நாட்டார் மரபுகள்)

உருமாறும் நீர்வாழ் உயிரிகள் என்பவை விலங்கு உருவிலிருந்து மனித உருவுக்கும், மனித உருவிலிருந்து விலங்கு உருவுக்கும் மாறவல்லவை என நாட்டார் கதைகள் கூறும் உயிரிகள். அலாஸ்காவின் டிலிங்கிட் பழங்குடியினரிடையே வழங்கும் கூஷ்டகா, ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் கடலோரங்களின் செல்கி, ஸ்காட்லாந்தின் ஆறுகளில் வாழ்வதாகச் சொல்லப்படும் கெல்பி ஆகியவை இவற்றுள் பெயர்பெற்றவை. இரு மரபுகளும் தனித்தனியே வளர்ந்தவை; குளிர்கடலை நம்பிப் பிழைத்த மக்களின் கதைகள் என்பதே இரண்டுக்கும் பொது. உருமாற்றத்தின் திசையில் அவை வேறுபடுகின்றன. கூஷ்டகா கதைகளில் மனிதர் விலங்காகின்றனர். செல்கி, கெல்பி கதைகளில் விலங்கு மனித உருவில் கரையேறுகிறது.

கூஷ்டகா

டிலிங்கிட் மக்களின் தாயகம் அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையும் அதையொட்டிய தீவுகளும் ஆகும். மழைக்காடு அங்கே கடல் விளிம்புவரை இறங்கி நிற்கிறது. அக்கரைகளில் வாழும் ஆற்று நீர்நாய் நீரில் இரைதேடி, நிலத்தில் மரவேர்களுக்கு அடியில் வளை கொள்கிறது. நீருக்கும் நிலத்துக்கும் பொதுவான இவ்விலங்கே கூஷ்டகாவுக்கு அடிப்படை.

நீரில் மூழ்கியவர்களையும் காட்டில் வழிதவறியவர்களையும் கூஷ்டகா எனப்படும் நீர்நாய் மனிதர்கள் அழைத்துச் சென்று தங்களில் ஒருவராக்கிவிடுவர் என்பது நம்பிக்கை. சிக்கியவரின் கண்ணுக்கு அவர்கள் உறவினராகவே தோன்றுவர். குழந்தை அழும் குரலிலோ சீழ்க்கையிலோ அழைப்பதும் உண்டு. மாற்றம் மெல்ல நிகழும்: உடலில் மயிர் அடரும், மேலுதடு மூக்கை நோக்கி இழுபடும், பேச்சு சீழ்க்கையாகும். செம்பு, தீ, சிறுநீர், நாய் ஆகியவை காப்பாகக் கருதப்பட்டன.

டிலிங்கிட் மக்கள் இறந்தோரை எரிப்பதே பழைய வழக்கம். ஆவிகளோடு தொடர்புகொள்பவர்களாகக் கருதப்பட்ட ஷாமன்கள் மட்டும் எரிக்கப்படவில்லை. கடலில் உடல் கிடைக்காமல் போனவருக்கு எரியூட்டும் சடங்கைச் செய்ய வழியில்லை. அவர் என்ன ஆனார் என்ற கேள்விக்குக் கூஷ்டகா நம்பிக்கை விடை தந்தது. அச்சத்துக்குரிய இதே நீர்நாய் ஷாமனுக்கு ஆற்றல் தரும் துணை ஆவியும் ஆகும். ஷாமனாக விரும்பியவர் நீர்நாயின் நாக்கை அறுத்தெடுத்துப் பாதுகாத்தார்; ஷாமன்களின் தாயத்துகளிலும் முகமூடிகளிலும் அதன் உருவம் செதுக்கப்பட்டது.

இக்கதைகள் பலவற்றை மானிடவியலாளர் ஜான் ஆர். ஸ்வான்டன் 1904-இல் சிட்கா, ராங்கெல் ஊர்களில் கேட்டுப் பதிவுசெய்து 1909-இல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்றில், பஞ்ச காலத்தில் தனியே தங்கியிருக்கும் ஒரு தம்பதியிடம், முன்பு மூழ்கிப்போன மகன் இரவில் வந்து மீன்பிடிக்க உதவுகிறான். கூஷ்டகா கேடு மட்டுமே செய்வதன்று என்பதை இக்கதை காட்டுகிறது.

செல்கி

செல்கி கடலில் சீலாகவும் (கடல்நாய்), தோலைக் கழற்றினால் மனிதராகவும் இருக்கும். ஆர்க்னி, ஷெட்லாந்து, ஹெப்ரிடீஸ் தீவுகளிலும் அயர்லாந்தின் மேற்குக் கரையிலும் இக்கதைகள் மிகுதி. ஆர்க்னியும் ஷெட்லாந்தும் நெடுங்காலம் நோர்ஸ் ஆட்சியில் இருந்தவை. ஆகவே செல்கியை முழுக்கக் கெல்ட்டியப் படைப்பு என்பது பொருந்தாது.

பரவலான கதை இது: கரையில் ஆடும் செல்கிப் பெண்ணின் தோலை ஒருவன் ஒளித்துவைத்து அவளை மணக்கிறான். பிள்ளைகள் பிறக்கின்றன. ஆண்டுகள் கழித்துத் தோல் அகப்பட்டதும் அவள் கடலுக்குத் திரும்பிவிடுகிறாள். தோலைக் கண்டெடுப்பது பெரும்பாலும் அவள் குழந்தையே. செல்கி ஆண் பற்றிய கதைகளும் உண்டு. சூல் ஸ்கெரி என்ற கடற்பாறையின் செல்கியைப் பாடும் கதைப்பாடல் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டின் தொகுப்பில் 113-ஆம் எண் பெற்றது. வட யூயிஸ்ட் தீவின் மெக்காட்ரம் குலத்தினரும் அயர்லாந்தின் கன்னீலி குடும்பத்தினரும் சீல்களின் வழித்தோன்றல்கள் எனக் கூறப்பட்டனர்.

கெல்பியும் நீர்க்குதிரைகளும்

கெல்பி குதிரை உருவில் ஆற்றங்கரையில் நின்று, ஏறியவரை நீருக்குள் இழுத்துச் செல்லும். ஏரிகளிலும் கடற்கழிகளிலும் உறையும் எக்-உஷ்கா என்ற நீர்க்குதிரை அதனினும் கொடியது. அதன் மேனியில் கை ஒட்டிக்கொண்டால் மீள முடியாது. உண்டபின் ஈரல் மட்டும் கரையொதுங்கும் என்பர். அழகிய இளைஞனாக வரும்போது தலைமுடியில் சிக்கியிருக்கும் மணலோ நீர்ப்பாசியோ அதைக் காட்டிக்கொடுக்கும். வேல்ஸிலும் மான் தீவிலும் இதையொத்த நீர்க்குதிரைகள் உள்ளன.

அயர்லாந்துக் கதைகளில் வரும் தோவர்கூ, நீர்நாயை ஒத்த கொடிய விலங்கு, ஆனால் உருமாறுவதில்லை. லீட்ரிம் கவுண்டியில் கிளெனேடுக்கு அருகே கான்வால் இடுகாட்டில் உள்ள 1722-ஆம் ஆண்டுக் கல்லறைக் கல், அவ்விலங்கால் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் பெண்ணுடையது. விலங்கின் உடலில் ஈட்டி பாய்ந்திருப்பதாக அதில் செதுக்கப்பட்டுள்ளது.

ஒப்பீடு

செல்கியின் தோலைப் போல மாற்றத்துக்குக் கருவியாகும் தோல் டிலிங்கிட் மரபிலும் உண்டு. கோனக்காடெட் என்ற நீர்ப்பூதத்தின் கதையில், ஓர் இளைஞன் அதன் தோலை அணிந்து இரவில் நீரில் இறங்கி ஊருக்கு உணவு தேடித்தருகிறான். காப்புமுறைகளிலும் ஒற்றுமை தெரிகிறது; இரு மரபிலும் மனிதர் கையாளும் ஒரு பொருளே காப்பாகிறது: டிலிங்கிட் மக்கள் செம்பை நம்பினர், ஸ்காட்லாந்துக் கதைகளில் கடிவாளம் நீர்க்குதிரையை அடக்குகிறது.

வேறுபாடு உறவைப் பற்றியது. செல்கியும் கெல்பியும் வெளியிலிருந்து வருபவை. வீட்டுக்குள் வந்த அந்நியரை எவ்வளவு நம்பலாம் என்பதே அக்கதைகளின் சிக்கல். கூஷ்டகாவோ இழந்த உறவே. அழைக்கும் குரல் சொந்த மகனுடையதாகவும் இருக்கக்கூடும் என்பதால், அதற்குச் செவிசாய்ப்பதா, காப்புத் தேடுவதா என்ற முடிவை அக்குடும்பமே எடுக்க வேண்டியிருந்தது.