போலீஸ் கதவைத் தட்டிய ராத்திரி

கிட்டார் கற்க வருகிற பையன்கள் சுருதி கூட்டத் தெரிவதற்கு முன்பே 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' தொடக்கத்தை வாசித்துக் காட்டிவிடுவார்கள். தடித்த ஒற்றைக் கம்பியில், பிக்கை வைத்து. ஆனால் டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் அதை வாசித்தது நடுவிலுள்ள இரண்டு கம்பிகளில். இரண்டையும் விரலால் சேர்த்துச் சுண்டினார். நம் கணக்கில் ஷட்ஜம், சாதாரண காந்தாரம், இரண்டு மத்யமங்கள், அவ்வளவுதான் மெட்டு. அதிலுள்ள முரட்டுக் கனத்தில் குழுவின் ஆர்கன்காரர் ஜான் லார்டுக்கும் பாதிப் பங்கு உண்டு. தன் ஹாமண்ட் ஆர்கனை அவர் கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் மாட்டிக் கரகரக்க விட்டார். இதைச் சொன்னால் கிட்டார்காரர்களுக்குக் கோபம் வரும்.

காதலும் தத்துவமும் இல்லாத பாட்டு அது. ரெக்கார்டிங்குக்கு இடம் கிடைக்காமல் அலைந்த கதையைத்தான் பாடுகிறார்கள்.

1971 டிசம்பரில் டீப் பர்ப்பிள் குழு ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மோன்த்ரூவுக்கு வந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் லாரி ஸ்டுடியோ வாடகைக்குக் கிடைத்திருந்தது. குளிர்காலத்துக்கு மூடப்படும் கேசினோ அரங்கில், மேடையில் வாசிப்பது போலவே வாசித்துப் பதிவு செய்வதாக ஏற்பாடு. மூடுவதற்கு முன் ஒரே ஒரு கச்சேரி பாக்கி: 4ஆம் தேதி, ஃபிராங்க் ஸாப்பா. கூட்டத்தில் எவனோ ஃப்ளேர் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட்டான். கேசினோவே எரிந்துபோனது. மோன்த்ரூ ஜாஸ் விழாவை நடத்திவந்த க்ளோட் நோப்ஸ் உள்ளே ஓடி இளைஞர்களை வெளியே இழுத்துவந்தார். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

பெவிலியன் என்ற தியேட்டரை ஏற்பாடு செய்து கொடுத்தவரும் நோப்ஸ்தான். ராத்திரியில் அங்கே ஆம்ப்ளிஃபையர்கள் அலற, அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிட்டார்கள். போலீஸ் கதவை இடிக்க, குழுவின் ஆட்கள் உள்ளிருந்து அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள, டேக் முடிந்தது. உருப்படியாகத் தேறியது அந்த ஒரு ட்ராக். அதற்கு வரிகளும் கிடையாது, பெயரும் கிடையாது.

அடுத்து, சீசன் முடிந்து காலியாகக் கிடந்த கிராண்ட் ஹோட்டல். நடைபாதையில் மெத்தைகளை அடுக்கி எதிரொலியை அடக்கினார்கள். வாசித்ததைக் கேட்க வேண்டுமென்றால் அறைகள், பால்கனிகள் வழியாகச் சுற்றி வெளியே நிற்கும் லாரிக்குப் போக வேண்டும். அலுத்துப்போய், போவதையே நிறுத்திவிட்டார்கள். இன்று ஒவ்வொரு வரியையும் இருபது தடவை கேட்டுத் திருத்துகிறோமே, அதைவிட இது மேல் என்று எனக்குத் தோன்றும்.

அந்தப் பெயரில்லாத ட்ராக்குக்கு 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' என்ற தலைப்பு, பேஸ் வாசிக்கும் ரோஜர் குளோவர் தூக்கத்திலிருந்து விழித்தபோது வாயில் வந்தது. போதைப் பாட்டு என்று நினைப்பார்களோ என்று தயங்கினார்கள். பிறகு அவரும் பாடகர் இயன் கில்லனும் நடந்ததை நடந்தபடியே எழுதினார்கள். நோப்ஸ்கூட வரிகளில் வருகிறார்.

'மெஷின் ஹெட்' ஆல்பம் 1972 மார்ச்சில் வந்தது. சிங்கிளாக வெளியிட அவர்கள் தேர்ந்தது 'நெவர் பிஃபோர்' என்ற வேறு பாட்டை. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' அமெரிக்காவில் சிங்கிளாக வர 1973 ஆயிற்று. வந்ததும் பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது.