ஜலதோஷம் பிடித்தால் மீன் குழம்பு ஏன் சப்புன்னு இருக்கு? நாக்கு செய்யும் வேலை எவ்வளவு?

புதுச்சேரி வீடுகளில் குழம்பு இறக்கும் நேரத்தில் வடகம் தாளிப்பார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம் எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டி, வெயிலில் காயவைத்த வடகம். எண்ணெயில் விழுந்ததும் தெருவே மணக்கும். இந்த வாசனையை பிரெஞ்சுக்காரர்களும் விடவில்லை. 'வடூவான்' என்ற பெயரில் அது அவர்கள் சமையலறைக்குப் போய்விட்டது.

ஆனால் ஜலதோஷம் பிடித்த நாளில் அதே குழம்பைச் சாப்பிட்டுப் பாருங்கள். புளிப்பு தெரியும், உப்பு தெரியும், காரமும் சுள்ளென்று ஏறும். ஆனா மீன் குழம்பு சாப்பிட்ட மாதிரியே இருக்காது. "நாக்கு செத்துப்போச்சு" என்று அலுத்துக்கொள்வோம். பாவம், நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அடைத்திருப்பது மூக்கு!

அறுசுவையில் இரண்டு சுவையே இல்லையா?

நாக்கில் தெரியும் சின்னச் சின்ன மேடுகளுக்குள் சுவை மொட்டுகள் இருக்கின்றன. இவற்றில் உள்ள செல்கள் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என ஐந்தைக் கண்டுபிடித்து மூளைக்குச் சொல்கின்றன. உமாமியை 1908-ல் அடையாளம் கண்டவர் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா. பெயர்தான் புதுசு. கருவாட்டுக் குழம்பிலும் நன்றாகப் பழுத்த தக்காளியிலும் நாம் ருசிப்பது அதைத்தான்.

அப்போ காரம்? அது சுவை அல்ல, சூடும் வலியும் கலந்த உணர்வு. சுடு தண்ணீர் பட்டால் விழித்துக்கொள்ளும் அதே நரம்பு உணர்விகளைத்தான் மிளகாயும் தட்டி எழுப்புகிறது. மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தேய்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. கண்ணில் ஏது சுவை மொட்டு? இந்த உணர்வியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. துவர்ப்பும் பெரும்பாலும் தொடு உணர்வுதான். வாழைப்பூவில் உள்ள டானின், எச்சிலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வாய் இழுக்கிறது.

நுனி நாக்கில் இனிப்பு, அடி நாக்கில் கசப்பு என்று பள்ளியில் படம் வரைந்தோமே? அது தவறு. சுவை மொட்டு இருக்கும் எல்லா இடத்திலும் எல்லா சுவையும் தெரியும்.

மூக்கைப் பிடித்தால் ரோஸ் மில்க் என்ன ஆகும்?

மெல்லும்போது உணவின் வாசனை தொண்டைக்குப் பின்பக்கமாக மூக்குக்குள் ஏறுகிறது. நாக்கு தரும் தகவலோடு மூளை அதைச் சேர்த்து 'ருசி' ஆக்குகிறது. சந்தேகமா? மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் ரோஸ் மில்க் குடியுங்கள். வெறும் இனிப்புப் பால்தான். மூக்கை விட்டதும் ரோஜா வந்துவிடும்.

கொரோனா காலத்தில் காபியும் ரசமும் ஒன்றுபோல இருந்ததாகப் பலர் சொன்னதற்கும் முக்கியக் காரணம் மோப்ப சக்தி போனதுதான்.

இதில் கவனிக்க வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்கள். வயதாக ஆக மோப்பம் குறையும். "சாம்பார்ல உப்பே இல்ல" என்று தாத்தா சொன்னதும் நாமும் ஒரு சிட்டிகை போடுகிறோம், அடுத்த நாள் இன்னொன்று. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. பிபி இருப்பவருக்கு அந்தக் கூடுதல் சிட்டிகை ஆபத்து. உப்புக்குப் பதில் எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லி சேர்த்துப் பாருங்கள்.

சில மாத்திரைகளாலும் சுவை மாறலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் சொல்லுங்கள். சளி போன பிறகும் வாரக்கணக்கில் வாசனை திரும்பாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அதுவரை வீட்டில் கேஸ் அடுப்பை இன்னொருவரும் கவனிக்கட்டும். சிலிண்டர் கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் அதில் நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். மூக்கு வேலை செய்யாதவருக்கு அது தெரியாது.