கல்லாசனம் முதல் கழற்று மெத்தை வரை: சீகிரியாச் சூழலில் இருக்கையின் பகுப்பு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சிறிய வீடுகளையும் பல வேலைக்குப் பயன்படும் அறைகளையும் மனத்தில் வைத்து, பிரித்துச் சேர்க்கக்கூடிய 'மொடியூலர்' சோபாக்கள் இன்று விற்பனைக்கு வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவை அளவால் பகுக்கப்பட்டவை. ஒரே அளவுள்ள கூறுகளை இடத்துக்கேற்ப இணைக்கலாம், பிரிக்கலாம். இலங்கையின் இருக்கை வரலாற்றிலோ வேறொரு பகுப்பு தொடர்ந்து காணப்படுகிறது. நூற்றாண்டுகள் நிற்கும் தளம், தலைமுறைகள் நிற்கும் சட்டகம், சில ஆண்டுகளில் மாற்றப்படும் விரிப்பு என இருக்கை அங்கே ஆயுளால் பகுக்கப்பட்டது. சீகிரியாவின் கல்லாசனங்களில் தொடங்கி, பௌத்த விநய விதிகள், கண்டி இராச்சியத்தின் வழக்கங்கள், ஒல்லாந்தர் காலப் பிரம்புக் கதிரை, ஜெஃப்ரி பாவாவின் கட்டு இருக்கைகள் வழியாக இப்பகுப்பை இக்கட்டுரை தொடர்கிறது. நீடித்து உழைக்கும் சோபா ஒன்றை இன்று வடிவமைக்க அளவுப் பகுப்பைவிட ஆயுட்பகுப்பே உறுதியான அடிப்படை என்பது இதன் வாதம்.

1. சீகிரியா: நின்ற தளமும் அழிந்த மேற்பகுதியும்

மாத்தளை மாவட்டத்தில் சமவெளியிலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் எழுந்து நிற்கும் சீகிரியாக் குன்றை முதலாம் காசியப்பன் (ஆட்சி கி.பி. 477–495) தன் அரண்மனையாக்கினான். குன்றின் உச்சியில் இயற்கைப் பாறையிலேயே செதுக்கிய ஆசனம் ஒன்று உண்டு. அடிவாரப் பாறைத் தோட்டத்தில், பிளந்து கிடக்கும் பெரும்பாறையின் மேற்பரப்பைச் சமன்படுத்தி அமைத்த 'சபா மண்டபம்' இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் சுமார் 5 மீற்றர் நீளமான இருக்கை பாறையோடு பாறையாக வெட்டப்பட்டுள்ளது. அருகிலுள்ள ஆசனக் குகையிலும் கல்லிருக்கை உண்டு.

நீளமான அந்த இருக்கை ஒருவருக்கு மட்டும் உரிய நாற்காலியின் அளவில் இல்லை. வெறுங்கல்லின்மேல் யாரும் நெடுநேரம் அமர்ந்திருக்கவும் முடியாது. பாயோ, மெத்தையோ, துணியோ அதன்மேல் விரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கருதுவதே பொருந்தும். அவை மக்கிப் போயின, கல் நிற்கிறது. கட்டடங்களிலும் இதே நிலைதான். தோட்டத்துப் பாறைகளின் தலையில் செங்கல் அத்திவாரத்துக்காக வெட்டிய படிகளும், மரச்சட்டங்களைப் பொருத்துவதற்கான குழிகளும் காணப்படுகின்றன. அவற்றின்மேல் எழுந்த மரமும் ஓடும் மறைந்துவிட்டன. பாறையை நிலையான பாதியாகவும் மரத்தை மாற்றத்தக்க பாதியாகவும் கொண்டு கட்டும் முறை அங்கே வழக்கத்தில் இருந்தது.

இந்தக் கல்லாசனங்கள் அதிகாரத்தின் இருக்கைகள் என்பதையும் மறக்கக் கூடாது. அரசன் அமரும் இடம் அசையாது. அவனைக் காண வருபவரே இடம் மாற வேண்டும். எனவே நெகிழ்வான வாழிடம் என்ற இன்றைய கருத்துக்கு முன்னோடியை அரியணையில் தேடுவது வீண். அதை அதே குன்றின் குகைகளில் வாழ்ந்த துறவிகளிடமும், சுற்றுக் கிராமங்களின் மண்திண்ணைகளிலும் தேட வேண்டும்.

2. விநய நூலில் கழற்றும் கால்

காசியப்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீகிரியா துறவிகளின் உறைவிடமாக இருந்தது. குகைகளின் நீர்வடி விளிம்புகளுக்குக் கீழே உள்ள பிராமிக் கல்வெட்டுகள் அக்குகைகள் துறவிகளுக்குக் கொடையளிக்கப்பட்டதைப் பதிவு செய்கின்றன. அவனுக்குப் பின்னரும் அவ்விடம் மீண்டும் மடமாயிற்று. தேரவாதத் துறவிகள் பின்பற்றிய பாளி விநய நூலில் தளபாடம் பற்றி விரிவான விதிகள் இருப்பதால், சீகிரியாவின் இருக்கை வரலாற்றுக்கு அது நெருக்கமான சான்று.

அந்நூலில் 'பாசித்திய' எனப்படும் விதிகளுள் நான்கு இங்கே முக்கியம். சங்கத்துக்குரிய கட்டில், பீடம், மெத்தை ஆகியவற்றை வெளியில் போட்டுவிட்டு, திரும்ப எடுத்து வைக்காமல் போவது குற்றம் என்கிறது 14ஆம் விதி. 18ஆம் விதி, பலகை பாவாத மேல்தட்டில் கழற்றக்கூடிய கால்கள் கொண்ட கட்டிலிலோ பீடத்திலோ அமர்வதைத் தடுக்கிறது. கால் கழன்று கீழே இருப்பவர்மேல் விழும் ஆபத்தே காரணம். பிரித்துப் பூட்டும் தளபாடம் அன்றாடப் பொருளாக இருந்ததாலேயே இப்படி ஒரு விதி தேவைப்பட்டது. கால்களின் உயரம் எட்டு விரற்கிடையைத் தாண்டினால் வெட்டிக் குறைக்கச் சொல்கிறது 87ஆம் விதி.

நம் ஆய்வுக்கு மிகவும் உதவுவது 88ஆம் விதி. பஞ்சை நிரப்பி உறையிட்டு, சட்டகத்தோடு ஒன்றாக்கிய கட்டிலோ பீடமோ செய்வித்தால் அப்பஞ்சைக் கிழித்தெடுக்க வேண்டும். தனியாக எடுக்கக்கூடிய மெத்தைக்குத் தடை இல்லை. கம்பளி, துணி, மரப்பட்டை, புல், இலை ஆகிய ஐந்தையும் அதற்குள் நிரப்பலாம். தலையணைக்குப் பஞ்சும் ஆகும். விதியின் நோக்கம் சொகுசைத் தவிர்ப்பது. சுற்றுச்சூழல் அக்கறை அதில் இல்லை. விளைவு மட்டும் இன்றைய வடிவமைப்பாளர் விரும்புவதே: சட்டகம் வேறு, நிரப்பல் வேறு. ஒன்று கெட்டால் மற்றது கெடாது.

3. கண்டி: சாய்வும் வெள்ளையும்

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த இராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் மக்களின் வீட்டுப் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறார். சிலரிடம் ஓரிரு முக்காலிகள் இருந்தன. அவற்றுக்குச் சாய்வு இல்லை, ஏனெனில் சாய்வுள்ள இருக்கை அரசனுக்கு மட்டுமே உரியது. ஆக, சாய்வு என்ற கூறு வசதிக்கு முன்பே தகுதியின் அடையாளமாக இருந்தது. மற்றவர்கள் பாயிலும், வீட்டு முகப்பில் மண்ணால் உயர்த்திய திண்ணையிலும் அமர்ந்தனர். சிங்களக் கிராமத்தின் 'பில' என்னும் திண்ணையும் யாழ்ப்பாண வீட்டுத் திண்ணையும் பயனில் ஒன்றே. பகலில் பேச்சு, மாலையில் நெல் அளத்தல், இரவில் விருந்தாளியின் படுக்கை என எல்லாம் அதே மேடையில் நடந்தன. பாயைச் சுருட்டினால் அறை காலியாகும். விரித்தால் இன்னொரு அறையாகும்.

விருந்தினரின் தகுதிக்கேற்ப இருக்கையின்மேல் வெள்ளைத் துணி விரிப்பது கண்டியில் கட்டாய மரியாதை. சலவைத் தொழிலைப் பரம்பரையாகச் செய்த சாதியினர் அத்துணிகளைக் கொண்டுவந்து விரித்து, பின் எடுத்துச் சென்று வெளுத்தனர். தமிழ்ப் பகுதிகளில் மேற்கட்டி கட்டுவதும் நிலபாவாடை விரிப்பதும் இதே உழைப்பில் நின்றவை. கழற்றித் துவைக்கும் உறையைத் தளபாட நிறுவனங்கள் புதுமையாக விளம்பரப்படுத்துவதற்கு வெகுகாலம் முன்பே அது இங்கே ஒரு சமூக நிறுவனமாக இருந்தது. அதன் செலவைச் சாதி முறை சுமந்தது என்ற உண்மையை முடிவுரையில் மீண்டும் பார்ப்போம்.

4. ஒல்லாந்தர் காலம்: பிரம்பு என்னும் இடைப்படலம்

கதிரை என்ற பொருளைக் கரையோரத்தில் பரப்பியவர்கள் போர்த்துக்கேயர். அதைத் தொழிலாக வளர்த்தது ஒல்லாந்தர் காலம் (1658–1796). கருங்காலி, பலா, முதிரை, நெதுன், கலமந்தர் ஆகிய மரங்களில் உள்ளூர்த் தச்சர் ஐரோப்பிய வடிவங்களைச் செய்தனர். இக்காலத் தளபாடங்களை ஆர். எல். புரோகியர் 1969இலும் யான் வீனெண்டால் 1985இலும் நூலாக ஆராய்ந்துள்ளனர்.

ஐரோப்பாவில் தோலும் கம்பளியும் ஆணியடித்து இறுக்கிய இருக்கைக்கு இங்கே பிரம்புப் பின்னல் மாற்றாக வந்தது. வெப்பநாட்டில் காற்றோட்டம் தேவை. ஈரப்பதத்தில் தோலும் கம்பளியும் பூஞ்சை பிடிக்கும். சட்டகத்தின் ஓரத்தில் துளையிட்டு நார் கோத்துப் பின்னிய பிரம்பு, சில ஆண்டுகளில் தொய்ந்தாலோ அறுந்தாலோ அதே துளைகளில் புதிதாகப் பின்னப்பட்டது. அதன்மேல் தளர்வாக ஒரு மெல்லிய மெத்தை. கருங்காலிச் சட்டகம் 200 ஆண்டுகளைக் கடந்து அருங்காட்சியகங்களில் நிற்க, அதன் பிரம்பு பலமுறை மாறியிருக்கிறது. தளம், விரிப்பு என்ற பழைய இரட்டைக்கு நடுவே இடைப்பட்ட ஆயுள் கொண்ட மூன்றாவது அடுக்கு இவ்வாறு சேர்ந்தது.

5. நுரையின் வரவு

1937இல் ஜெர்மனியில் ஒட்டோ பேயரும் உடனிருந்தோரும் பொலியூரித்தேனை உருவாக்கினர். 1950களில் மெத்தென்ற நுரையாக அது தளபாடத்துக்குள் வந்தது. நுரையைத் தேவையான உருவில் வெட்டலாம், ஒட்டலாம், உள்ளே சட்டகமே இல்லாமலும் நிறுத்தலாம். 1970இல் மாரியோ பெல்லினி வடிவமைத்த கமலியோண்டா சோபாவின் கூறுகள் கம்பி, கொக்கி, வளையங்களால் இணைந்தன. 1973இல் மிஷெல் துக்காரோயின் டோகோ, சட்டகமே இன்றி நுரையால் மட்டும் ஆனது. வீட்டின் அமைப்பை வாழ்பவரே மாற்றிக்கொள்ளலாம் என்ற விடுதலை உணர்வு இவ்வடிவங்களில் இருந்தது.

மலிவுச் சந்தைக்கு இறங்கியபோது அந்த உணர்வு மாறியது. கூறுகள் இடம் மாறின. ஒவ்வொரு கூறுக்குள்ளும் பலகை, நுரை, துணி மூன்றும் பசையாலும் ஊசியாணியாலும் பிரிக்க முடியாதபடி இறுகின. நுரை தொய்ந்தால் நல்ல சட்டகமும் குப்பைக்குப் போகிறது. வெளியில் பிரியும், உள்ளே பிரியாது என்பதே இன்றைய மலிவுச் சோபாவின் அடிப்படைக் குறை. கமலியோண்டாவை 2020இல் மீண்டும் வெளியிட்ட நிறுவனம், உட்பொருள்களைத் தனித்தனியே பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும்படி அதை மாற்றி அமைத்தது. ஆயுட்பகுப்பின் தேவையை ஐரோப்பியத் தொழில்துறையும் ஏற்கத் தொடங்கியதற்கு இது சான்று.

6. பாவாவும் மாத்தளையும்

இலங்கையில் ஆயுட்பகுப்பு என்னும் இந்த வாதத்தைக் கட்டடத்தின் மொழியில் முன்வைத்தவர் ஜெஃப்ரி பாவா (1919–2003). கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளை 1958 முதல் பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே இல்லமாக்கினார். அங்கும் பெந்தோட்டைக்கு அருகே உள்ள லுணுகங்கையிலும் சுவரோடு சேர்த்துக் கட்டிய இருக்கைகளையும், அவற்றின்மேல் எடுத்து வைக்கும் மெத்தைகளையும் காணலாம். திண்ணை இங்கே வரவேற்பறைக்குள் வந்துவிட்டது.

சீகிரியாவுக்கு அருகே ஹோட்டல் ஒன்றைக் கட்டும் பொறுப்பு 1991இல் அவரிடம் வந்தபோது, குன்றின் அடிவாரத்தில் முன்மொழியப்பட்ட இடத்தை அவர் ஏற்கவில்லை. தம்புள்ளைக்கு அப்பால் கண்டலம குளத்தின் கரையில் வேறு இடத்தைத் தேர்ந்தார். 1994இல் அது திறக்கப்பட்டது. கொங்கிறீட் சட்டகம் மலைச்சரிவோடு நீண்டு கிடக்கிறது. முகப்பில் மரச்சட்டத் திரை, அதன்மேல் படரும் கொடிகள். நெடுநாள் நிற்பது, இடையில் மாற்றுவது, தானே வளர்ந்து புதுப்பித்துக்கொள்வது என மூன்று ஆயுள்களை அது தனித்தனியே வைத்திருக்கிறது.

துணி அடுக்குக்கு மாத்தளையின் பங்களிப்பு அலுவிகாரையிலிருந்து வந்தது. பாவாவின் நண்பரான எனா டி சில்வா (1922–2015) 1980களில் அங்கே குடியேறி, கிராமப் பெண்களைக் கொண்டு பத்திக் துணி, பூவேலை ஆகியவற்றுக்கான பட்டறையை வளர்த்தார். விரிப்பும் உறையும் பெயர் சொல்லும் கைவினையாக, கூலியுள்ள வேலையாக அங்கே மாறின.

7. இன்றைய மூலப்பொருளும் வடிவமைப்பும்

இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை இலங்கை 1990இல் தடை செய்தது. பலா மரத்தைத் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். எனவே சட்டகத்துக்கு உகந்த மரம் தோட்டங்களிலிருந்தே வர வேண்டும். 1876இல் தீவுக்கு வந்த இறப்பர் மரம், பால் வற்றும் 25–30 ஆண்டுகளில் எப்படியும் வெட்டி மறுநடுகை செய்யப்படுகிறது. அதன் மரம் நன்றாக இழைக்க வரும். ஆனால் பூஞ்சைக்கும் துளைவண்டுக்கும் எளிதில் இரையாகும். வெட்டியதும் போரன் உப்பில் ஊறவைத்து உலர்த்துவது தவிர்க்க முடியாதது. மழை நனைக்கும் விறாந்தைக்கு அது ஆகாது.

நிரப்பலுக்குத் தும்பு உண்டு. சுருட்டிய தென்னந்தும்பின்மேல் இறப்பர்ப் பாலைத் தெளித்து, அழுத்திச் சூடாக்கினால் இழைகள் சந்திக்கும் இடங்களில் ஒட்டி, மீளும் தன்மையும் காற்றோட்டமும் உள்ள அடுக்கு கிடைக்கும். நுரையைவிட அது கனம், சற்று விறைப்பு. கடும் வெயிலில் இறப்பர் முறுகும். அதன்மேல் மெல்லிய இலவம்பஞ்சு அடுக்கைத் தனி உறையில் வைத்தால் விறைப்பு குறையும்.

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நான்கு விதிகளைப் பெறலாம். ஒன்று, குறைந்த ஆயுளுள்ள பொருள் மேலே, முதலில் கைக்கு வரும்படி இருக்க வேண்டும். உறையை எடுக்க மெத்தையையோ, மெத்தையை எடுக்கச் சட்டகத்தையோ குலைக்க நேரக் கூடாது. இரண்டு, அடுக்குகளுக்கு இடையே பசை கூடாது. நாடா, பொத்தான், திருகாணி, ஆப்பு போதும். மூன்று, சாய்வு தனிக் கூறாக இருக்கட்டும். அதை நீக்கினால் இருக்கை படுக்கையாகவோ தாழ்மேசையாகவோ மாறும். சீகிரியாவைச் சுற்றியுள்ள கிராமத்து விருந்தினர் விடுதிகளில் பகற்கூடமும் இரவுப் படுக்கையும் ஒரே அறையாவதால் அங்கே இது நேரடியாகப் பயன்படும். நான்கு, எந்தக் கூறும் இருவர் தூக்கும் கனத்தைத் தாண்டக் கூடாது. கால்கள் தரையைவிட்டு உயர்ந்து, கறையான் ஏறினால் கண்ணில் படும்படி நிற்க வேண்டும்.

முடிவுரை

சீகிரியாவின் கல்லிலிருந்து இறப்பர் மரச்சட்டகம் வரை பொருள்கள் மாறின. ஆயுளுக்கேற்ப அடுக்குகளைப் பிரித்து வைக்கும் முறை பெரும்பாலும் தொடர்ந்தது. அதை முறித்தது பசையிட்ட நுரைச் சோபா. எனினும் பழைய முறையைக் குறையற்ற முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. வெள்ளை வெளுத்தவர் பிறப்பால் அவ்வேலைக்குக் கட்டுப்பட்டிருந்ததாலேயே அன்று பராமரிப்பு மலிவாக இருந்தது. பிரம்பு மாற்றுவதற்கும் உறை தைப்பதற்கும் தும்பு அடைப்பதற்கும் நியாயமான கூலி கொடுத்தால், பத்தாண்டுகளில் ஆகும் செலவு புதிய மலிவுச் சோபாவின் விலையை நெருங்கலாம், தாண்டவும் கூடும். ஆகவே நீடித்த சோபாவின் விலை கடையில் ஒருமுறை கொடுக்கும் தொகையாக மட்டும் கணிக்கப்படக் கூடாது. உறையும் நிரப்பலும் எப்போது, யாரால், எவ்வளவு கூலிக்கு மாற்றப்படும் என்ற பராமரிப்புத் திட்டத்தையும் வடிவமைப்பாளர் விற்பனையோடு சேர்த்தே தர வேண்டும். அத்திட்டம் இல்லாத சோபா எத்தனை துண்டாகப் பிரிந்தாலும் நீடித்ததாகாது.