எதிலிருந்து கழிப்பது? – தொடக்க எடையின் வரலாறு



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு விழுக்காட்டுப் பாடம் நடத்தும்பொழுதெல்லாம் நான் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. "முதலில் அடிப்படை எண் எது என்று பாருங்கள். அது தவறினால் விடை முழுவதும் தவறும்." இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சையை நான் செய்துகொண்டு ஓராண்டு நிறைந்தபோது, அந்த அறிவுரை என்னிடமே திரும்பி வந்தது.

அன்று என் எடை 88 கிலோகிராம். அதில் எவருக்கும் ஐயமில்லை. எத்தனை கிலோ குறைந்தது என்பதில்தான் சிக்கல். ஆசிரியர் அறையில் கேட்டவர்களிடம் 46 கிலோ என்று பெருமையுடன் கூறிவந்தேன். மருத்துவரின் கோப்பிலோ 32 கிலோ என்று எழுதப்பட்டிருந்தது. பதினான்கு கிலோ வேறுபாடு! பொய்யுரைத்துவிட்டேனோ என்று மனம் கூசியது.

என்னிடம் மூன்று தொடக்க எடைகள் இருந்தன. வாழ்நாளில் நான் கண்ட உச்ச எடை 134. மருத்துவமனைக்கு முதன்முறை சென்ற நாளில் 128. மூன்று திங்கள் கழித்து, அறுவை நாளன்று காலையில் 120. இவற்றுள் எது உண்மையான தொடக்கம்? விடை தேடி இத்துறையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படித்ததைத் தங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தராசில் அமர்ந்த மருத்துவர்

மனித உடலை முறையாக நிறுத்துப் பார்த்தவர்களுள் முன்னோடி, இத்தாலி நாட்டு மருத்துவர் சந்தோரியோ சந்தோரியோ. தராசுக் கோலில் நாற்காலி ஒன்றைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தம்மையே நிறுத்துவந்தார். உண்டதையும் குடித்ததையும் கழித்ததையும்கூட நிறுத்தார். உட்கொண்டதைவிடக் கழிவின் எடை மிகக் குறைவாக இருக்கவே, கண்ணுக்குத் தெரியாத வியர்வையாக எஞ்சியது வெளியேறுகிறது என்று முடிவு கட்டினார். அவருடைய நூல் 1614இல் வெளிவந்தது. 'முன்' எடையும் 'பின்' எடையும் ஒரே தராசில் கிடைத்தவை என்பதே அவருடைய கணக்கின் வலிமை.

காப்புறுதி நிறுவனத்தின் அட்டவணை

நெடுங்காலம் கழித்து, ஒருவர் எவ்வளவு எடை இருக்கலாம் என்பதற்கு வரம்பு வகுத்தது மருத்துவ உலகம் அன்று, காப்புறுதி வணிகம். நியூயார்க்கின் மெட்ரோபோலிட்டன் லைஃப் நிறுவனம் 1940களின் தொடக்கத்தில் உயரத்திற்கேற்ற எடை அட்டவணைகளை வெளியிட்டது. 1959இலும் 1983இலும் அவை திருத்தப்பட்டன. காப்புறுதி எடுத்தவர்களுள் எந்த எடையினர் நீண்டநாள் வாழ்ந்தனர் என்பதே அவற்றின் அடிப்படை. 1983ஆம் ஆண்டு அட்டவணையில் வியப்பான குறிப்பு ஒன்று உண்டு. எடையில் ஆண்களின் உடைக்கு 5 பவுண்டும் பெண்களின் உடைக்கு 3 பவுண்டும் சேர்ந்தே இருக்கும். உயரத்திலோ காலணியின் ஓர் அங்குலக் குதிகாலும் அடங்கும்.

இதைப் படித்ததும் என் 134 நினைவுக்கு வந்தது. அது மருந்துக்கடை ஒன்றின் வாசலில் இருந்த எடை எந்திரம் காட்டியது. காலணியோடும், சட்டைப் பையில் சாவிக்கொத்தோடும், உண்ட வயிற்றோடும் ஏறி நின்றேன். ஒரு வெள்ளித் துண்டு கொடுத்துப் பெற்ற அந்தச் சீட்டில் தேதிகூட இல்லை. மருத்துவமனையில் மெல்லிய உடையில், வெறுங்காலில் நிறுத்த எண்ணோடு அதை எப்படி ஒப்பிடுவது?

அறுவை வந்தது, கணக்கும் வந்தது

உடல் எடையைக் குறைப்பதற்கான அறுவை 1950களில் அமெரிக்காவில் தொடங்கியது. மின்னசோட்டாவைச் சேர்ந்த கிரெமன், லின்னர், நெல்சன் ஆகியோர் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்து இணைக்கும் முறையை 1954இல் அறிவித்தனர். எடை குறைந்தது, ஆனால் ஈரல் கேடும் சிறுநீரகக் கற்களும் பலரை வாட்டின. அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் வேறு வழி கண்டார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருந்ததைக் கவனித்த அவர், 1966இல் இரைப்பை மாற்றுவழி அறுவையைச் செய்தார்.

பல மருத்துவமனைகள் இவ்வறுவைகளைச் செய்யத் தொடங்கியபின், முடிவுகளை ஒப்பிடப் பொதுவான அளவுகோல் தேவைப்பட்டது. காப்புறுதி அட்டவணை அங்கே கைகொடுத்தது. அட்டவணை எடைக்கு மேற்பட்டதெல்லாம் 'மிகை எடை'. அதில் எத்தனை விழுக்காடு குறைந்தது என்பதே அறுவையின் மதிப்பெண். பாதியாவது குறைந்தால் வெற்றி என்று பலரும் கொண்டனர்.

இதில் ஓர் இடர் ஒளிந்திருந்தது. 1983ஆம் ஆண்டு அட்டவணை, 1959ஆம் ஆண்டினதைவிடப் பொதுவாகக் கூடுதலான எடைகளை ஏற்றுக்கொண்டது. இலக்கு உயர்ந்தால் மிகை எடை சுருங்கும்; மிகை சுருங்கினால், குறைந்த அதே எடை பெரிய விழுக்காடாகத் தோன்றும். நோயாளியின் உடலில் ஓர் அணுவும் மாறாமலேயே மதிப்பெண் கூடிவிடும்.

பின்னாளில் காப்புறுதி அட்டவணையின் இடத்தைப் பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீட்டெண் பிடித்தது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இக்கணக்கு, பெல்ஜிய அறிஞர் கெட்லே 1830களில் கண்டது. அதற்கு இன்றைய பெயரை 1972இல் சூட்டியவர் அன்செல் கீஸ். பி.எம்.ஐ. 25க்கு உரிய எடையை இலக்காகக் கொள்வது வழக்கமாயிற்று. ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே எச்சரிக்கை தேவை என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் கூறியது. என் உயரம் 170 சென்டிமீட்டர். 25இன்படி என் இலக்கு ஏறத்தாழ 72 கிலோ. 23இன்படி 66 கிலோ. 128இலிருந்து கணக்கிட்டால், முன்னதில் என் மதிப்பெண் 72 விழுக்காடு, பின்னதில் 65.

இக்குழப்பத்தைத் தவிர்க்கவே, மொத்த எடையில் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று கூறும் முறை பரவியது. 2015இல் அமெரிக்க வளர்சிதைமாற்ற, உடற்பருமன் அறுவை மருத்துவச் சங்கம் வெளியிட்ட அறிக்கை நெறிமுறைகளிலும் அதற்கு இடம் உண்டு. இம்முறையில் இலக்கு எடையே வேண்டியதில்லை. ஆனால், சுமை முழுவதும் தொடக்க எடையின் தோளில் இறங்கிவிடுகிறது.

இரண்டாகப் பிரிந்த தொடக்கம்

சிறு துளைகளின் வழியே அறுவை செய்யும் முறை 1990களில் வளர்ந்தது. கொழுப்பேறிப் பருத்த ஈரல் இரைப்பையை மறைப்பது மருத்துவர்களுக்குப் பெரும் இடையூறாக இருந்தது. எனவே, அறுவைக்கு முன் ஏறத்தாழ இரண்டு கிழமை மிகக் குறைந்த உணவை உண்ணச் செய்து ஈரலைச் சுருக்கும் வழக்கம் பரவியது. சிலர் அதற்கும் முன்னரே பல திங்கள் உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பர். இதனால் முதல்நாள் எடையும் அறுவைநாள் எடையும் வெகுவாக விலகின. சில ஆய்வுகள் முன்னதைத் தொடக்கமாகக் கொண்டன. சில பின்னதைக் கொண்டன.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஓராண்டு முடிவில் என் எடை 97இல் நின்றிருந்தால்? 120இலிருந்து கழித்தால் மிகை எடையில் 48 விழுக்காடு குறைந்திருக்கும். பாதியை எட்டாததால் தோல்வி. 128இலிருந்து கழித்தால் 56 விழுக்காடு, வெற்றி. அதே மனிதன், அதே தராசு, அதே கத்தி!

அந்த எட்டுக் கிலோ

இவற்றையெல்லாம் படித்தபின் என் துணைவியாரிடம், "மருத்துவர் எழுதியதே சரி. அறுவை நாளிலிருந்துதான் கணக்கிட வேண்டும்," என்றேன்.

அவர் கேட்டார்: "அப்போ அந்த எட்டுக் கிலோவை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க?"

என்னால் விடை கூற இயலவில்லை. 128க்கும் 120க்கும் இடையில் இருந்தவை, அவர் எனக்காகச் சோறின்றிச் சமைத்த மூன்று திங்கள். பள்ளி முடிந்து திடலை நான் சுற்றிவந்த மாலைப் பொழுதுகள். தீபாவளிப் பலகாரத் தட்டை அவர் என் கண்ணில் படாமல் ஒளித்துவைத்த நாள்கள். அறுவை நாளைத் தொடக்கமாக்கினால் அவை யாவும் ஏட்டிலிருந்து மறைந்துவிடும்.

அப்பொழுதுதான் எனக்குத் தெளிவு பிறந்தது. ஒவ்வொரு தொடக்க எடையும் வெவ்வேறு கேள்விக்கு விடை. கத்தி என்ன செய்தது என்று மருத்துவர் கேட்கிறார். அவருக்கு 120 பொருத்தம். அதன்படி என் மொத்த எடையில் 27 விழுக்காடு குறைந்தது. மருத்துவம் முழுவதும் என்ன செய்தது என்று நான் கேட்கிறேன்; எனக்கு 128 பொருத்தம். அதன்படி 31 விழுக்காடு. உச்ச எடையான 134, முன்பு எப்படி வாழ்ந்தேன் என்பதை நினைவூட்டும். ஆனால் தேதியும் சான்றும் இல்லாத எண்ணைக் கணக்கில் ஏற்ற முடியாது. ஆசிரியர் அறையில் நண்பர்களிடம் என் கூற்றைத் திருத்திக்கொண்டேன். "46 இல்லை, 40," என்றேன். எவரும் நகைக்கவில்லை.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய நலவாழ்வு ஆய்வு, பெரியவர்களுள் பாதிப்பேர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள் என்று காட்டியது. இவ்வறுவையை நாடும் நம்மவர்கள் இனியும் பெருகலாம். அவர்களுக்கு என் பட்டறிவிலிருந்து சில சொற்கள். முதல்நாள் எடையையும் அறுவைநாள் எடையையும் தேதியோடு எழுதிவையுங்கள். ஒரே தராசில், ஒரே வகை உடையில், காலையில் நிறுத்துப் பாருங்கள். அறுவைக்கு மறுநாள் எடையைத் தொடக்கமாக்காதீர்கள்; நரம்பு வழியே ஏற்றிய நீர் அதில் சேர்ந்திருக்கும். தொடக்கத்தைத் தேர்ந்தபின், எண் அழகாகத் தெரியவேண்டும் என்பதற்காக மாற்றாதீர்கள். பிறருடைய விழுக்காட்டோடு ஒப்பிடுமுன், அவர் எதிலிருந்து கழித்தார் என்று கேளுங்கள்.

என் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் இப்பொழுது இரண்டு எண்கள் உள்ளன: 128, 120. அவற்றுக்கு இடைப்பட்ட எட்டின் அருகில் என் துணைவியாரின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.