கலப்பு நூல் கழுத்துத் துண்டு நெசவு

பருத்தி, கம்பளி, பட்டு, லினன் என வெவ்வேறு நூல்களை ஒரே தறியில் சேர்த்து ஸ்கார்ஃப் எனப்படும் கழுத்துத் துண்டை நெய்யும் கைத்தொழில் இது. இழைகளைக் கலந்து நெய்வது பழைய வழக்கம். ஐரோப்பாவில் லினன் பாவில் (நீளவாட்டு இழை) கம்பளி ஊடை (குறுக்கிழை) இட்டு லின்சி-வூல்சி என்னும் துணி நெய்யப்பட்டது. ஔரங்காபாத்தின் ஹிம்ரூவிலும் கோவை கோரா காட்டன் சேலையிலும் பருத்தியும் பட்டும் சேர்கின்றன.

நூல் தேர்வு

பாவு நூல் நெய்து முடியும்வரை விறைப்பாக நிற்கிறது; ஒவ்வோர் ஊடைக்கும் அதைத் தட்டி நெருக்கும் அச்சு பாவின்மேல் உரசிச் செல்கிறது. ஆகவே எளிதில் அறாத, நன்கு முறுக்கேறிய நூலே பாவுக்கு ஏற்றது. ஊடைக்கு அந்தச் சுமை இல்லை. முறுக்குத் தளர்ந்த கம்பளி, முடிச்சு முடிச்சான அலங்கார நூல், ஆட்டு மயிர் நூலான மொஹேர் ஆகியவற்றை அதில் தாராளமாகச் சேர்க்கலாம். மொஹேரைப் பாவில் நெருக்கமாகக் கோத்தால் மயிரிழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பாவு திறக்காது.

அளவும் பாவும்

நூலை ஓர் அளவுகோலில் இடைவெளியின்றிச் சுற்றி, ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று என எண்ணுவர். அதில் பாதியே சாதா நெசவுக்கு அங்குலத்துக்கான பாவு இழைகள். 16 சுற்று வந்தால் 8 இழை. 10 அங்குல அகலத்துக்கு 80 இழை. துண்டின் நீளத்தோடு குஞ்சம், சுருக்கம், தறியில் வீணாகும் பகுதி ஆகியவற்றையும் கூட்டிப் பாவை 100 அங்குலம் ஓட்டினால், பாவுக்கு மட்டும் சுமார் 203 மீட்டர் நூல் தேவைப்படும்.

நெசவு

சிலவகைச் சிறு மேசைத்தறிகளில், பாவு இழைகளை ஏற்றி இறக்கும் விழுதின் வேலையையும் அச்சே செய்கிறது. அதில் துளையும் பிளவும் மாறிமாறி இருக்கும். அச்சை உயர்த்தினால் துளையிலுள்ள இழைகள் மேலேறும், தாழ்த்தினால் கீழிறங்கும், பிளவிலுள்ளவை அப்படியே நிற்கும். திறந்த இடைவெளியில் நாடா ஊடையைக் கொண்டுசெல்கிறது. ஊடையை நேராக இழுக்காமல் சாய்வாக இட்டு அச்சால் மெல்லத் தட்டினால் ஓரங்கள் உள்வாங்காது. ஓங்கி அடித்தால் ஊடை நெருங்கித் துணி விறைத்துவிடும். கழுத்தில் துவண்டு விழாது. இரண்டு மூன்று மெல்லிய நூல்களை ஒரே நாடாவில் சேர்த்துச் சுற்றினால் நிறங்கள் கலந்து தெரியும்.

நிறைவு வேலை

தறியிலிருந்து இறக்கிய துண்டின் முனை இழைகளைக் கொத்தாக எடுத்து முறுக்கிக் குஞ்சம் கட்டுகின்றனர். பிறகு மென்மையான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்தால் நூல்கள் பருத்து இடைவெளிகளை நிரப்பும். கம்பளி இழைகளின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு; ஈரத்தில் தேய்க்கும்போது அவை ஒன்றையொன்று பற்றித் துணி சுருங்குகிறது. பருத்தியும் பட்டும் அப்படிப் பின்னிச் சுருங்குவதில்லை. அதனால் கம்பளிப் பட்டையை அடுத்த பட்டுப் பட்டை சில துண்டுகளில் அலையலையாக எழும். இந்த அலை தேவையா, சமமான பரப்பு தேவையா என்பதைச் சிறு மாதிரி நெய்து, அலசி, முன்னும் பின்னும் அளந்து பார்த்தபின் முடிவு செய்வதே முறை.