427ஆம் ஆட்டம்

ஆஸ்திரேலிய விதிக் காற்பந்து, உடலோடு உடல் மோதும் வன்மையான ஆட்டம். 167 சென்டிமீட்டர் உயரமே உடைய பிரெண்ட் ஹார்வி 1996இல் நார்த் மெல்பர்ன் குழுவில் அடியெடுத்து வைத்தார். (நம் பள்ளித் திடல்களில் அத்தகைய சிறுவனைக் கோட்டுக்கு வெளியேதான் நிறுத்துகிறோம்.) 1999இல் அக்குழு வாகை சூடியபோது அவரும் களத்தில் இருந்தார்.

ஹாத்தோர்ன் வீரர் மைக்கேல் டக் 1991இல் தம் 426ஆம் ஆட்டத்தோடு ஓய்வு பெற்றார். கால் நூற்றாண்டுக்காலம் அவ்வெண்ணை எவரும் எட்டவில்லை. 2016 ஜூலை 30ஆம் நாள் ஹார்வி அதனைக் கடந்தார். அப்போது அவருக்கு அகவை 38.

மறு திங்களிலேயே, அடுத்த ஆண்டுக்கு அவர் தேவையில்லை எனக் குழு அறிவித்தது. இளையோருக்கு இடம் வேண்டுமென்பது நியாயமே. ஆயினும், வாழ்த்தொலி அடங்குமுன் விடைகொடுத்தது எனக்கு உவப்பாயில்லை. மேலும் ஆட அவர் விரும்பினார். செப்டம்பரில் அடிலெய்டு நகரில் குழு தோற்று வெளியேறியது. அதுவே அவருடைய 432ஆம் ஆட்டம், இறுதி ஆட்டமும்கூட.